மார்பகப் பரிசோதனைக்குப் பெண்கள் தயங்குவதற்கு நம்பிக்கைகளும் காரணமா?

ஆமாம், பெரிய காரணம்தான். புற்றுநோய் வந்தால் சாவுதான், எல்லாம் விதி என்று நம்புகிறவர் வசதி இருந்தாலும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பரிசோதனையைத் தள்ளிப்போடுவார், தெரிந்து மட்டும் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். பயம் சிலரைச் சீக்கிரம் போகவைக்கும், சிலரை மருத்துவமனைப் பக்கமே வரவிடாது. எனக்கு அதிகக் கவலை தருபவை ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை’, ‘வலியே இல்லையே’ என்ற இரண்டும்தான். மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்ப வரலாறே கிடையாது, ஆரம்பக் கட்டி பொதுவாக வலிக்கவும் செய்யாது. கைக்குத் தட்டுப்படும் முன்பே அதைப் பிடிக்கத்தான் மேமோகிராம். அப்புறம், தனக்கும் வரலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டு என்று இரண்டையும் நம்புகிறவர்தான் பெரும்பாலும் போகிறார். அதனால் தயங்குகிறவரைப் பயமுறுத்தாதீர்கள், ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்தலாம் என்று சொல்லி, முடிந்தால் கூடவே போங்கள்.