வங்கி வேலையை விட்டுப் பத்திரிகைக்குப் போகலாமா?

கேள்வி: என் மகன் பொருளாதாரத்தில் முதுகலை முடித்து, சென்னையில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறான். இப்போது அதை விட்டுவிட்டுப் பொருளாதாரப் பத்திரிகையாளன் ஆகப்போகிறானாம். எதிர்த்துப் பேசினால், "இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவரே ஒரு பத்திரிகை ஆசிரியர்தான்" என்று வாயை அடைக்கிறான். இது உண்மையா? இதை நம்பி அனுப்பலாமா? என் அண்ணன் வீட்டில் இப்போதே கேலி பேசுகிறார்கள்.
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது உண்மைதான். ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் குறிப்பிடும் ஜேம்ஸ் வில்சன், 1805-இல் ஸ்காட்லாந்தின் ஹாயிக் என்ற ஊரில், கம்பளி ஆலை நடத்திய, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். தொப்பி செய்யும் தொழிலைப் பழகி, அண்ணன் தம்பியாக லண்டனுக்குச் சென்று அதிலேயே பொருள் ஈட்டினார். பிறகு அவுரிச் சாய வணிகத்தில் விலை ஏறும் என்று நம்பிப் பெரும்பணத்தைப் போட்டு, 1837-ஆம் ஆண்டு நெருக்கடியில் சொத்தின் பெரும்பகுதியை இழந்தார். கடன்காரர்களுக்கு ஈடாகக் கொடுத்த ஒரு சொத்து எதிர்பார்த்த தொகைக்கு விலைபோகவில்லை என்று பின்னாளில் அறிந்ததும், யாரும் கேட்காமலே மீதியைத் தம் கையிலிருந்து கொடுத்தார் என்று அவருடைய மருமகன் வால்டர் பேஜட் எழுதியிருக்கிறார்.

அந்த இழப்புக்குப் பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார் என்பதை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டு நிலப்பிரபுக்களின் வருமானத்தைக் காத்த தானியச் சட்டங்களை எதிர்த்து 1839-இல் ஒரு சிறுநூல் எழுதினார். விலை ஏறி இறங்கும் கணக்கை எடுத்துவைத்து, அந்தச் சட்டங்களால் நிலம் வைத்திருப்பவருக்கும் நிலையான நன்மை இல்லை என்று அதில் வாதிட்டார். 1843-இல் 'தி எகனாமிஸ்ட்' வார இதழைத் தொடங்கியபோதும் தொப்பித் தொழிலை அவர் முற்றிலும் விட்டுவிடவில்லை. தானியச் சட்டங்கள் 1846-இல் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டே நாடாளுமன்ற உறுப்பினரான அவர், 1853 முதல் 1858 வரை நிதித்துறையின் நிதிச் செயலராக இருந்தார். அதே 1853-இல் அவர் தொடங்கிய சார்ட்டர்டு வங்கிதான் பின்னர் இன்னொரு வங்கியுடன் இணைந்து ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு ஆயிற்று. பத்திரிகை, பதவி, வங்கி மூன்றையும் ஒருவரே வைத்திருப்பதை இன்று எந்த ஆசிரியர் குழுவும் ஏற்காது. ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து.

அவரை முழுமையாகப் புகழவும் எனக்கு மனமில்லை. அயர்லாந்தில் பஞ்சத்தால் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கையை அவருடைய இதழ் விடாப்பிடியாகப் பேசியது. தொப்பி விலைக்குப் பொருந்திய வாதத்தைப் பட்டினி கிடப்பவர் முன்னும் அப்படியே வைத்தது அந்த எழுத்தின் பெரிய குறை.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்திய அரசின் கடன் பெருகியதால், வில்சன் வைஸ்ராயின் ஆட்சிக் குழுவில் நிதியைக் கவனிக்கும் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். 1860 பிப்ரவரியில் அவர் வைத்த வரவு செலவுத் திட்டத்தில், ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவருக்கு 2 விழுக்காடும், 500 ரூபாய் முதல் 4 விழுக்காடும் வரி வந்தது. இங்கே நம் ஊர் குறுக்கிடுகிறது. சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் சார்லஸ் டிரெவெலியன். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிப் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தவர். லண்டன் நிதித்துறையில் வில்சனோடு பணியாற்றியிருந்தும், புது வரிகள் இந்த நாட்டுக்கு ஒவ்வாதவை என்று எதிர்த்து, தம் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரவும் செய்தார். அதற்காக லண்டன் அரசு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பத்திரிகைக்காரர் அரசுப் பக்கம் நிற்க, ஆளுநர் பத்திரிகையை நாடியது வேடிக்கைதான். வரிச் சட்டம் ஜூலை 24-இல் நிறைவேறியது; ஆகஸ்ட் 11 அன்று வயிற்றுக்கடுப்பால் வில்சன் கல்கத்தாவிலேயே இறந்தார். பின்னர் டிரெவெலியனே நிதி உறுப்பினராக வந்தார். அவர் காலத்திலேயே, 1865-இல், அந்த வரி முடிவுக்கு வந்தது.

ஆகவே, மகனைத் தடுக்காதீர்கள். வேலையை உடனே விடவும் சம்மதிக்காதீர்கள். கடன் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது, தவணை தவறிய சிறுகடைக்காரர் என்ன ஆகிறார் என்பதையெல்லாம் அவர் தினமும் பார்க்கிறார். வெளியில் இருக்கும் நிருபருக்கு இது எளிதில் கிட்டாது. வாடிக்கையாளர் விவரத்தை எழுத்தில் கொண்டுவரக் கூடாது; பணியில் இருந்துகொண்டு வெளியே எழுத வங்கி விதிகள் இடம் தருகின்றனவா என்பதையும் முதலில் கேட்டறிய வேண்டும். கோயம்பேட்டு வெங்காய விலையையோ மாநகராட்சியின் வரவு செலவையோ எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு கட்டுரையாவது எழுதி ஆசிரியர்களுக்கு அனுப்பிப் பார்க்கட்டும். ஓராண்டில் சில கட்டுரைகளாவது அச்சேறி, குடும்பச் செலவுக்கு ஆறு மாதப் பணமும் கையில் சேர்ந்திருந்தால், ராஜினாமாவைப் பற்றி அப்போது உட்கார்ந்து பேசுங்கள். அண்ணன் வீட்டாருக்கு இப்போதைக்குப் பதில் எதுவும் தேவையில்லை. மகன்தான் இன்னும் வங்கிக்குப் போய்வந்துகொண்டிருப்பாரே!