வண்டி போனது, பெயர் போகவில்லை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓடாத கார்களைப் பற்றியவை. 22 வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். அதற்கு முன்னால் வண்டி உடைக்கும் யார்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன். அதனால் இந்தக் கடிதங்களை வேறு யாருக்கும் தள்ளிவிட மனம் வரவில்லை.

கேள்வி: அப்பாவின் கார் 6 வருடமாக வாசலில் நிற்கிறது. நான்கு டயரும் தரையோடு ஒட்டிவிட்டன. போன வருடம் அப்பாவும் போய்விட்டார். ‘தெருவில் தள்ளி நிறுத்தினால் யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள்’ என்கிறான் தம்பி. ‘அதில் கை வைக்காதீர்கள்’ என்கிறார் அம்மா. எங்கிருந்து தொடங்குவது?

தம்பியிடமிருந்து தொடங்குங்கள். தெருவில் தள்ளினால் கார் போகும், அப்பாவின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டால் போதாதா என்று கேட்பார். போதாது. 1980-களுக்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் 17 இலக்கத்தில் ஓர் அடையாள எண் இருக்கும். நாம் சேஸிஸ் நம்பர் என்று சொல்கிறோமே, அதுதான். 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளை அதில் சேர்ப்பதில்லை. அது வண்டி உடலின் தகட்டிலேயே அடித்திருக்கும். அதைப் படித்தால் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு நாள் போதும்.

என் கதையைச் சொல்கிறேன். என் முதல் காரில் தரைத் தகடு துருவேறி, மழை நாளில் காலடியில் சாலை தெரியும். பழைய இரும்பு வாங்கும் ஒருவர் வந்தார், பேசினார், இழுத்துக்கொண்டு போனார். ஒரு துண்டுச் சீட்டுகூட நான் வாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து அபராத நோட்டீஸ் வந்தது. நான் போயே இராத ஊரில், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்காக! உடைக்கிறேன் என்று வாங்கியவர், ஒட்டுப் போட்டு வேறு யாருக்கோ கைமாற்றியிருக்கிறார். நான் காரைக் கொடுத்துவிட்டேன் என்பதற்கு என் மனைவி ஒருத்திதான் சாட்சி. அந்த அலுவலகத்தில் அது எடுபடவில்லை. மோட்டார் மெக்கானிக் நானே இப்படி ஏமாந்தேன் என்பதை ஒர்க்‌ஷாப் பையன்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.

ஆகவே காகிதத்தை முதலில் பாருங்கள். வண்டி அப்பாவின் பெயரில் இருப்பதால், அதைக் கொடுக்க வாரிசுகளிடம் என்ன கேட்பார்கள் என்று வாகனப் பதிவு அலுவலகத்தில் விசாரியுங்கள். கடனில் வாங்கிய கார் என்றால், கடன் முடிந்தாலும் பதிவில் கடன் இருப்பதாகச் சொல்லும் குறிப்பு நீக்கப்படாமலே கிடக்கும். அதையும் எடுக்க வேண்டும். பிறகு, உரிமம் உள்ள வாகன உடைப்பகத்தில் கொடுத்து, உடைத்ததற்கான சான்று வாங்கி, அதைக் காட்டிப் பதிவை ரத்து செய்யுங்கள். சான்றில் உள்ள சேஸிஸ் நம்பரை வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தச் சான்று வேறு ஏதோ காருக்குத்தான்.

அடுத்து, இழுக்க வருபவரிடம் நான்கு விஷயம் முன்பே சொல்லிவிடுங்கள்: சாவி இருக்கிறதா, ஸ்டீயரிங் திரும்புகிறதா, சக்கரம் உருளுமா, கியர் ஆட்டோமேட்டிக்கா. 6 வருடம் கைப்பிரேக் போட்டு நின்ற வண்டியில் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். விஞ்ச் (கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுத்தால் சக்கரம் சுற்றாமல் தரையைக் கீறிக்கொண்டே வரும். டயரில் காற்று அடித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் நின்றாலும் போதும், ஏற்றுகிற வேலை பாதியாகும்.

அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம். யார்டில் எனக்கு முதலில் கொடுத்த வேலையே, வந்த வண்டிகளின் டேஷ்போர்டு பெட்டியைக் காலி செய்வது. ஒரு முறை அதில் சின்ன டைரி கிடைத்தது. பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர் எல்லாம் ஒரே கையெழுத்தில், வரி வரியாகப் பல வருடத்துக்கு. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து நடுங்கியிருந்தது. வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டார். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அதை வெகுநாள் வைத்திருந்தேன். அதனால், அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து அந்தப் பெட்டியையும், சீட்டுக்கு அடியிலும், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் சேர்ந்து தேடுங்கள். கியர் பிடியைத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். அவர் விரும்பினால் அதை வைத்துக்கொள்ளட்டும். உடைக்கிறவருக்கு அதனால் எடை குறையாது.

கேள்வி: ஒருவர் எடை போட்டு எடுப்பதாகச் சொல்கிறார். இன்னொருவர் ‘அப்படியே கொடுங்கள்’ என்று அதிகம் சொல்கிறார். யாரிடம் கொடுப்பது?

அதிகம் சொல்கிறவர் காரின் அடியில் குனிந்து பார்த்தாரா? பார்த்திருந்தால் அவர் கண் கேடலிட்டிக் கன்வெர்ட்டரில் இருக்கிறது. புகையின் நச்சைக் குறைக்க, சைலன்சருக்கு முன்னால் குழாயில் உப்பியிருக்கும் தகரப் பெட்டி அது. உள்ளே தேன்கூடு போன்ற செராமிக். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். எடை போடுகிறவர் பழைய இரும்பாகத்தான் பார்ப்பார், ஏனென்றால் காரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரும்பும் எஃகும்தான். எனவே இருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘கன்வெர்ட்டர், பேட்டரி சேர்த்தா சொன்னீர்கள்?’ பிறகு, உடைத்ததற்கான சான்று தருவாரா என்று கேளுங்கள். அதற்குத் தயங்குகிறவர் எவ்வளவு அதிகம் சொன்னாலும் வேண்டாம். பேசி முடித்த பின் பேட்டரியை நீங்கள் கழற்றி ஒளித்து வைப்பதும் முறையல்ல. என்னிடம் செய்திருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

கேள்வி: நானே பாகம் பாகமாகப் பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்குமே?

கிடைக்கும், முதல் வாரம். கதவு, விளக்கு, கண்ணாடி, சக்கரம் எல்லாம் போன பிறகு வெறும் கூடு நிற்கும். உருளாத கூட்டை எடுக்கக் கிரேன் வேண்டும், யாரும் வரமாட்டார்கள். அந்தக் கூட்டைச் சுற்றி முள்செடி வளர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் நிறைய.

அதோடு ஆபத்தும் இருக்கிறது. ஏர்பேக் என்பது பஞ்சுப் பை அல்ல, உள்ளே சிறு வெடிமருந்து இருக்கிறது. கண் இமைப்பதற்குள் விரியும். பேட்டரியைக் கழற்றினாலும் கொஞ்ச நேரம் மின்சாரம் மிச்சம் இருக்கும். அதை எடுக்கத் தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும். ஹைப்ரிட், மின்சாரக் கார் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டால் அது நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் கம்பி. ஏசி வாயுவைத் திறந்துவிடாதீர்கள். பழைய கார்களில் இருந்த ஆர்-12 என்ற ஏசி வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்றுதான் 1987-ல் மான்ட்ரியலில் செய்த உடன்படிக்கையில் தொடங்கி உலக நாடுகள் அதைப் படிப்படியாகக் கைவிட்டன.

அப்புறம் ரேடியேட்டர் தண்ணீர். அதில் கலக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும். தரையில் சிந்தினால் நாய், பூனை நக்கும். சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போகும். பாத்திரத்தில் பிடியுங்கள், மூடி வையுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். இன்ஜின் ஆயிலும் அப்படியே.

கேள்வி: இன்னும் ஒரு தடவை பழுது பார்த்தால் ஓடும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

இன்ஜின் ஓடும்படி செய்யலாம், அது பெரிய விஷயமில்லை. அவரைக் காரின் அடியில் படுக்கச் சொல்லி, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் வண்டி உடலோடு சேரும் இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தச் சொல்லுங்கள். துருப்பிடித்த தகட்டுக்குள் அது போனால் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத்தான் சரியாகும்.

கேள்வி: காரில் என் போனை இணைத்திருந்தேன். அதையும் அழிக்க வேண்டுமா?

ஆமாம். தொடர்பு எண்கள், வீட்டு முகவரி எல்லாம் திரையில் சேமித்திருக்கும். ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யுங்கள். பேட்டரி இறந்திருந்தால் வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு உயிர்ப்பித்துச் செய்யுங்கள். சுங்கக் கட்டண ஸ்டிக்கர் கண்ணாடியில் இருந்தால் அதைக் கிழித்துவிட்டு, கணக்கையும் மூடுங்கள்.

கேள்வி: டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கிறது. வேறு வண்டிக்கு ஊற்றலாமா?

எத்தனை வருடம் நின்றது என்று எழுதவில்லையே! மாதக்கணக்கில் நின்றாலே அதிலுள்ள எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். அடியில் பிசினாக ஒட்டும், வாசனை பெட்ரோலாக இருக்காது, பழைய வார்னிஷ் போல இருக்கும். ஓடுகிற வண்டியில் ஊற்றி, இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை அடைக்காதீர்கள். உடைக்கும் இடத்தில் அதை எடுக்க ஆள் இருப்பார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. 15 வயதில் நான் உறிஞ்சினேன், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.