2009இன் ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தை வைத்து மேசைக் கதை விளையாட்டு நடத்த முடியுமா?

கேள்வி: 2009இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளிப் படம் போல ஒரு மேசைக் கதை விளையாட்டு நடத்த ஆசை. குழுவில் பாதிப் பேருக்கு அதன் மூலமான தொலைக்காட்சித் தொடரே தெரியாது. படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

பதில்:

உங்கள் குழுவில் ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், மற்றவர்கள் வாய் திறக்கவே தயங்குவார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

நான் பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஐஸ் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அந்த இரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்து ஆடினோம். கதை நடத்தியது நான். ஆடியவர்கள் மூவர்: மதுரையில் பொறியியல் படிக்கும் சித்தப்பா மகன், விசைப்படகு டிரைவரான மச்சான், அவர் மகள் (எனக்கு மருமகள் முறை). அவளுக்கு அப்போது 17 வயது, பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருந்தாள்.

விளையாட்டு தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு பேசியே கதையை நகர்த்துவோம், முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுவோம். 1974இல் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் இந்த வகை விளையாட்டு அச்சில் வந்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ உலகத்துக்கென்றே விதிப் புத்தகங்களும் உண்டு. அவற்றை வாங்காமல் எப்படி நடத்தலாம் என்று கேட்டுவிடாதீர்கள். புத்தகத்தோடு சேர்த்துப் பல முகப் பகடைகளையும் வாங்கும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை.

எங்கள் வீட்டில் அக்காவின் பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 வகையாக விழும். நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது நடக்கும். 16இல் 7 வகை அது. இரண்டோ மூன்றோ விழுந்தால் நடக்காது, அதுவும் 7. மிச்சமுள்ள 2 வகையும் தாயம். தாயம் விழுந்தால் நினைத்தது நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தேன். கைவந்த தொழிலாக இருந்தால் மூன்று விழுந்தாலும் போதும். எங்களுக்கு இது இரண்டு மாதம் தாங்கியது.

இனி படத்துக்கு வருகிறேன். 1966இல் தொடங்கிய பழைய தொடரை நேசிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதன் நிதானமும் விவாதமும் இந்தப் படத்தில் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை நடத்துபவருக்கு இந்தப் படம் தரும் ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த கதையை அது முதல் காட்சியிலேயே உடைத்துவிடுகிறது. எதிர்காலத்திலிருந்து நீரோ என்ற வில்லனின் சுரங்கக் கப்பல் வந்து விழுகிறது, கெல்வின் என்ற கப்பல் அழிகிறது, அன்றிலிருந்து வரலாறு வேறு திசையில் ஓடுகிறது. பிறகு பழைய தொடரின் முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் இனத்தார் வாழும் வல்கன் கோளே இல்லாமல் போகிறது. பழைய தொடரைக் கரைத்துக் குடித்தவருக்கும் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று தெரியாது.

சித்தப்பா மகன் முதல் இரண்டு இரவும் என்னைத் திருத்திக்கொண்டே இருந்தான். “அண்ணே, அந்தக் கப்பலில் அது கிடையாது”, “அந்த இனத்தார் அப்படிப் பேசமாட்டார்கள்.” அவன் சொன்னது எல்லாமே சரி. ஆனால் அவன் திருத்தத் திருத்த மச்சான் பீடியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டார். மருமகள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினாள். மூன்றாம் இரவு வல்கனை அழித்தேன். அவன் அரை நிமிடம் பேசவில்லை. பிறகு, “அப்படியென்றால் இனி எனக்கும் தெரியாது” என்றான். அன்றுதான் விளையாட்டு தொடங்கியது என்று சொல்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தில் இரண்டு முறை கேப்டன் எதிரியின் கப்பலுக்கு அழைக்கப்படுகிறார். முதலில் கெல்வினின் கேப்டன், பிறகு கதையின் முக்கியக் கப்பலான என்டர்பிரைஸின் கேப்டன் பைக். இரண்டு முறையும் கிளம்பும் முன் அவர் தன் நாற்காலியை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார். முதல் முறை அதில் உட்காரும் ஜார்ஜ் கிர்க் 12 நிமிடம்தான் கேப்டன். அந்த நேரத்தில் 800 உயிர்களைக் காப்பாற்றுகிறார். எல்லாம் தெரிந்தவர் கேப்டனாக உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நான் எதிரியை வரவழைத்து, “கேப்டன் தனியாக வர வேண்டும்” என்று சொல்லவைத்தேன். சித்தப்பா மகன் சற்று யோசித்துவிட்டு, நாற்காலியை மருமகளுக்குக் கொடுத்தான். அவள் அப்பா அவளுக்குக் கீழே கப்பல் ஓட்டுபவர். படத்தில் என்டர்பிரைஸுக்கு வழி கணக்கிடும் செக்கோவுக்கும் 17 வயதுதான். அதை அவளிடம் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எதிரிக் கப்பல் துரத்துகிறது, ஆயுதம் தீர்ந்துவிட்டது, பக்கத்தில் வளையம் சூழ்ந்த ஒரு கோளும் அதன் நிலவும் இருக்கின்றன. என்ன செய்வது?

மச்சான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. சிறு வயதில் அப்பாவோடு வள்ளத்தில் தென்கடலுக்குப் போனவர். தாயக்கட்டையைக் கையில் வைத்து உருட்டாமலே சொன்னார்: “கச்சான் காற்று முற்றிவிட்டால் நாங்கள் தீவுக்கு வடக்கே ஒதுங்கிவிடுவோம். காற்று தீவில் அடித்துக்கொண்டு போகும், வள்ளம் ஆடாமல் நிற்கும். இங்கே அந்த நிலாதான் தீவு. அதற்குப் பின்னால் போய் நில்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. படத்தில் செக்கோவ் சொல்வது கிட்டத்தட்ட இதுதான். சனியின் நிலவான டைட்டனின் காற்று மண்டலத்துக்குள் கப்பலை நிறுத்தினால் சனியின் வளையங்களின் காந்தப்புலம் எதிரியின் கண்ணிலிருந்து மறைத்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொல்வான். மச்சானுக்குக் காந்தப்புலம் தெரியாது. குருசடைத் தீவு தெரியும். (இப்போது அந்தத் தீவுகள் தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க முடியாது. அவர் சொன்னது பழைய கதை.) சித்தப்பா மகன் அவர் கையைப் பிடித்து, “மச்சான், இதை யார் உங்களுக்குச் சொன்னார்கள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மருமகள் உருட்டினாள். தாயம்.

மறைந்துவிட்டார்கள். ஆனால் விலை வேண்டுமே. “தூரத்தில் ஓர் உயிர்காப்புப் படகு உங்களைக் கூப்பிடுகிறது. பதில் சொன்னால் எதிரிக்கு உங்கள் இடம் தெரிந்துவிடும்” என்றேன். படத்தில் கோபயாஷி மாரு என்றொரு தேர்வு வரும். ஆபத்தில் இருக்கும் கப்பல் கூப்பிடும், காப்பாற்றப் போனாலும் ஜெயிக்க முடியாது. ஜார்ஜின் மகனும் படத்தின் நாயகனுமான ஜேம்ஸ் கிர்க் அதை ஏமாற்றி ஜெயிப்பான். இவர்களும் ஏதாவது தந்திரம் யோசிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

மச்சான் மகளைப் பார்த்தார். “கேப்டன் நீதான். ஆனால் கடலில் ஒருவன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது, பாப்பா.”

அவள் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. “பதில் சொல்லுங்கள் மாமா, நாங்கள் வருகிறோம்” என்றாள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: படத்திலிருந்து கப்பலின் படத்தையும் ஆயுதத்தின் பெயரையும் எடுக்காதீர்கள். உடைந்த வரலாறு, கைமாறும் நாற்காலி, ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழில் கைகொடுக்கும் ஒரு தருணம், இந்த மூன்று போதும். படத்தின் கப்பல் குழுவில் சூலுவுக்கு வாள், உஹுராவுக்கு மொழி, ஸ்காட்டிக்குக் கணக்கு. உங்கள் ஆட்களுக்கு எது என்று முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தொடர் தெரியாதவர்களுக்கு அதைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். மச்சானுக்கு நான் நடத்தியிருந்தால் அந்த நிலவை அவர் தீவாகப் பார்த்திருக்கமாட்டார்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எங்கள் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவர், “உங்கள் ஊர்ப் பக்கம் தனுஷ்கோடி இருக்கிறதே, பேய் ஊர், அங்கே பேய்க் கதை நடத்தலாமே” என்று யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊர் போனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது, அதில் இருந்தவர்களோடு. இன்றும் அங்கே ஓலைக் குடிசை போட்டு மீன் பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. சர்ச் இடிபாட்டின் முன் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பத்தடி தள்ளி வலை காய்வதைப் பார்ப்பதில்லை. அந்த ஊரைப் பேய் ஊர் என்று யாராவது எழுதினால் எனக்கு வயிறு எரிகிறது. கற்பனைக்கு விண்வெளி முழுவதும் கிடக்கிறது, செத்தவர்களை விட்டுவிடுங்கள்.

ஜூன் 14 இரவு மச்சான் டீசலும் ஐஸும் ஏற்றக் கிளம்பிவிட்டார், நானும் கம்பெனிக்குப் போய்விட்டேன். எதிரி நிலவைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறான், சித்தப்பா மகன் இன்னும் எதிரியின் கப்பலில்தான் இருக்கிறான். உயிர்காப்புப் படகில் இருப்பது யார் என்று மருமகள் வாரம் ஒரு முறை கேட்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.