ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு நீதிமன்றத்தில் தனிச் சலுகையா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்கள் குற்ற வழக்கில் சிக்கினால் தனி நீதிமன்றம், தனி உதவியாளர்கள் எல்லாம் உண்டாமே? இது சலுகை இல்லையா?

பதில்: மெல்பர்னில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நீதிமன்றங்களுக்குப் போய்வருகிறேன். வழக்கைக் கூப்பிடும்வரை வராந்தாவில் காத்திருப்பதுதான் அதில் பாதி வேலை. அப்படிப் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் விக்டோரியா மாநிலம்தான்.

நீங்கள் கேள்விப்பட்ட தனி நீதிமன்றம் கூரி கோர்ட்டாக இருக்கும் (கூரி என்பது இந்தப் பகுதிப் பூர்வகுடிகளைக் குறிக்கும் பெயர்). 2002-ல் ஷெப்பர்டன் நகரில் முதலில் தொடங்கினார்கள். மாஜிஸ்திரேட் மேடையில் உட்காராமல் நீள்வட்ட மேசைக்கு வந்துவிடுவார். குற்றம் சாட்டப்பட்டவர், குடும்பத்தார், போலீஸ் தரப்பு, பூர்வகுடிப் பெரியவர்கள் எல்லாரும் அதே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் அங்கே போக முடியும். பாலியல் குற்றங்களை அங்கே எடுப்பதில்லை. தண்டனையை முடிவு செய்வதும் மாஜிஸ்திரேட்தான், பெரியவர்கள் அல்ல. வழக்கமான கோர்ட்டில் வக்கீல் பேசுவார், நாம் தலையைக் குனிந்து நின்றால் போதும். இங்கே நம் குடும்பத்தை மூன்று தலைமுறையாக அறிந்த ஒரு பாட்டி நேருக்கு நேர் கேள்வி கேட்பார். என்னைக் கேட்டால், வக்கீல் பின்னால் ஒளிந்துகொள்வதே சுலபம் என்பேன்.

உண்மையான உதவி அந்த மேசைக்கு முன்பே தொடங்குகிறது. விக்டோரியாவில் பூர்வகுடி ஒருவரைக் காவலில் எடுத்தால், பூர்வகுடிகளுக்கான சட்ட உதவி அமைப்பான அபோரிஜினல் லீகல் சர்வீஸுக்குப் போலீஸ் தகவல் சொல்லியே ஆகவேண்டும். அங்கிருந்து ஒருவர் பேசுவார்: உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து ஏதாவது எடுக்கிறாரா, வீட்டுக்கு யார் சொல்வது. கோர்ட்டிலும் உதவிப் பணியாளர்கள் உண்டு. இவர்கள் வக்கீல்கள் இல்லை. ஜாமீனில் போனால் தங்க ஓர் இடம், அடுத்த வாய்தா எப்போது, மாஜிஸ்திரேட் சொன்ன நிபந்தனைக்கு என்ன அர்த்தம் என்பவைதான் இவர்கள் வேலை. அற்பமாகத் தெரியும். ஆனால் வாய்தாவைத் தவறவிட்டால் வாரண்ட், அப்புறம் சிறை என்று போய்விடும்.

இதெல்லாம் எதற்கு என்றால், 1976-ல் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றத்தில் வந்த அனுங்கா வழக்கைப் பார்க்க வேண்டும். போலீஸ் எதைக் கேட்டாலும் பூர்வகுடிகள் புரியாமலேயே, மரியாதைக்காகவோ பயத்திலோ 'ஆமாம்' என்று சொல்லிவிடும் ஆபத்தை நீதிபதி ஃபார்ஸ்டர் அதில் எடுத்துக்காட்டினார். விசாரணையில் தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும், நம்பிக்கைக்குரிய ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும் நெறிகள் வகுத்தார். என் தொழிலில் இந்த 'ஆமாம்' எனக்கு நன்றாகவே பழக்கம், நம்மவர்களிடமும் கேட்டிருக்கிறேன்.

மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லாத சமூகம், நாட்டின் கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சலுகை என்ற சொல் இந்தக் கணக்கோடு எப்படிப் பொருந்தும்?

ஏற்பாடு இருந்தும் கைக்கு எட்டாமல் போவதும் நடக்கிறது. 2019 டிசம்பர் 30 அன்று கடைத்திருட்டுப் புகாரில் மெல்பர்னில் கைதான வெரோனிகா நெல்சன் என்ற பூர்வகுடிப் பெண், மறுநாள் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் தானே ஜாமீன் கேட்டார். கிடைக்கவில்லை. 2020 ஜனவரி 2 அன்று சிறை அறையில் இறந்தார். வயது 37. உதவி கேட்டு இரவெல்லாம் திரும்பத் திரும்ப இன்டர்காமில் அழைத்திருக்கிறார். 2023-ல் மரண விசாரணை அதிகாரி அந்த ஜாமீன் சட்டத்தையே கடுமையாகச் சாடினார். அதே ஆண்டு அதைத் தளர்த்தித் திருத்தம் கொண்டுவந்தார்கள், 2024-ல் அது நடைமுறைக்கு வந்தது. 2025-ல் அரசு மறுபடியும் இறுக்கிவிட்டது.