மாட்டேன், இல்லை, வேண்டாம்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், ‘அவன் வர மறுத்தான்’ என்பதை ‘ஹி டினைட் டு கம்’ என்று எழுதியிருந்தான். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து ‘ரிஃப்யூஸ்ட்’ என்று திருத்தியிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘மறு’ என்றுதான் போட்டிருக்கிறது. பிறகு எப்படித் தப்பாகும்?
– வாசகி ஒருவர், தேவகோட்டை

பதில்: டீச்சர் திருத்தியது சரி. ஆனால் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். தமிழில் ‘வர மறுத்தான்’ என்கிறோம், ‘குற்றச்சாட்டை மறுத்தான்’ என்றும் சொல்கிறோம். முதலாவது, செய்ய மாட்டேன் என்பது. இரண்டாவது, அப்படி நடக்கவே இல்லை என்பது. ‘மறு’ இரண்டையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் முன்னது ரிஃப்யூஸ், பின்னது டினை.

31 வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். இந்தச் சொற்களுக்கு அகராதிப் பொருளை எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் மாற்றி எழுதுவார்கள். கடைசியில் கைகொடுத்தது வீட்டில் பேசும் தமிழ்தான். ஒரு நாள் ஏழாம் வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. முதல் பெஞ்சுப் பையனிடம் கேட்டேன்.

“நீயா உடைச்ச?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப யாருன்னு சொல்லு.”

“சொல்ல மாட்டேன் டீச்சர்.”

மேஜை மேல் இருந்த கடலைமிட்டாயை நீட்டி, “இந்தா, இப்ப சொல்லு” என்றேன்.

“வேண்டாம் டீச்சர்.”

அப்படியே கரும்பலகைக்குத் திரும்பி எழுதிப் போட்டேன். ‘இல்லை’ என்றால் டினை. ‘மாட்டேன்’ என்றால் ரிஃப்யூஸ். ‘வேண்டாம்’ என்று பணிவாகத் தவிர்த்தால் டிக்ளைன். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு ஒருவர்கூட இதைக் குழப்பவில்லை. கண்ணாடியை யார் உடைத்தது என்று நானும் கேட்கவில்லை. உங்கள் மகனிடமும் இதையே சொல்லுங்கள்: அந்த ஆள் வாயிலிருந்து எந்தச் சொல் வந்திருக்கும் என்று முதலில் யோசிக்கட்டும்.

வாக்கிய அமைப்பும் அதை ஒட்டியே வரும். ரிஃப்யூஸுக்கும் டிக்ளைனுக்கும் பின்னால் ‘டு’ போட்டு வினையை எழுதலாம். டினைக்குப் பின்னால் அது வராது. ‘ஹி டினைட் பிரேக்கிங் தி விண்டோ’ என்று ‘இங்’ சேர்க்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் கவனம் தேவை. ‘அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது’ என்பதற்கு ‘ஹி வாஸ் டினைட் பெர்மிஷன்’ என்று எழுதுவது சரிதான். கேட்டதைக் கொடுக்காமல் விடுவதும் டினைதான்.

ரிஜெக்ட் இவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது. லத்தீனில் அதன் வேர்ப்பொருள் ‘திருப்பி எறிதல்’. வந்ததைப் பார்த்து, எடைபோட்டு, தேறாது என்று தள்ளுவது. வேட்புமனுவைத் தள்ளுபடி செய்கிறார்களே, அது ரிஜெக்ட். பொருளையோ யோசனையையோ ரிஜெக்ட் செய்யலாம். ‘ரிஜெக்டட் டு கம்’ என்று எழுதக் கூடாது.

இதில் நான் மிகவும் வற்புறுத்துவது டிக்ளைனைத்தான். என்னிடம் படித்த ஒருவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அதே வாரம் அம்மாவுக்கு ஆபரேஷன். போக முடியாத நிலைமையை விளக்கி, ‘ஐ ரிஃப்யூஸ் யுவர் ஆஃபர்’ என்று மெயில் அனுப்பிவிட்டான். மனதில் பணிவுதான் இருந்தது. ஆனால் படிப்பவருக்கு அது முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது போல. அடுத்த மாதம் மறுபடி கேட்டுப் பார்த்தான், பதிலே வரவில்லை. அந்த மெயிலை அவன் காட்டியபோது எனக்கு மனசு கனத்துப்போனது. ‘ஐ ஆம் சாரி, ஐ ஹேவ் டு டிக்ளைன்’ என்ற ஒரு வரியைப் பத்தாம் வகுப்பிலேயே நான் எழுதவைத்திருக்க வேண்டும்.

அதற்காக எல்லா இடத்திலும் டிக்ளைன் போட்டுவிடக் கூடாது. 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரியில், பஸ்ஸில் வெள்ளைக்காரப் பயணிக்காக எழுந்து இடம் விடச் சொன்னார் டிரைவர். கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் எழுந்திருக்கவில்லை. அங்கே ‘ரிஃப்யூஸ்ட்’ என்றுதான் எழுத வேண்டும். கைதாவோம் என்று தெரிந்தே சொன்ன மாட்டேன் அது. ‘டிக்ளைன்ட்’ என்று எழுதினால் யாரோ நீட்டிய காபியை வேண்டாம் என்றது போல ஆகிவிடும். 1964-இல் இலக்கிய நோபல் பரிசை பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் ஏற்கவில்லை. அங்கே டிக்ளைன் அழகாகப் பொருந்தும். அவருக்கு நீட்டப்பட்டது மரியாதை, கட்டளை அல்ல. பேச்சுவழக்கில் இதற்கு ‘டர்ன் டவுன்’ என்பார்கள்; மனுக்களில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் உங்கள் மகனுக்குப் பிடிக்கும். காலையில் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு ‘ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்கிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் ‘இட் ரிஃப்யூசஸ் டு ஸ்டார்ட்’ என்றே சொல்வார்கள். உயிரில்லாத பொருள்மீதும் பிடிவாதத்தை ஏற்றிப் பேசுவதில் இரண்டு மொழியும் ஒன்றாக இருக்கிறது. மழைக்கு உப்பி அடைத்துக்கொண்ட கதவைச் சொல்லி இன்னொரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ரிஃப்யூஸ்’ என்றால் குப்பை என்றும் படித்தேனே, உண்மையா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: உண்மைதான். எழுத்து ஒன்றே, உச்சரிப்புதான் வேறு. ‘மாட்டேன்’ என்னும் வினையில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும், கடைசி ஒலி வண்டு ரீங்கரிப்பது போல அதிரும். குப்பை என்னும் பெயர்ச்சொல்லை ‘ரெஃப்யூஸ்’ என்று முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். முடிவில் அதிர்வு இருக்காது. தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள், விரலுக்கே வித்தியாசம் தெரியும்.