சாயமேற்றிய மரமும் கித்தாரின் வளையமும்

அன்புள்ள ஐயா,

ஓய்வு நேரத்தில் கித்தார் செய்கிறேன். இப்போது செய்யும் கித்தாரின் ஒலித்துளையைச் சுற்றிப் பதிக்க, ரெசின் ஏற்றி இறுக்கி, நீலமும் பச்சையும் சாயமிட்ட மேப்பிள் கழலைத் (மரத்தில் புடைத்து வளரும் முண்டு) துண்டுகளை வாங்கியிருக்கிறேன். "இது பாதி பிளாஸ்டிக், ஒலியைக் கெடுத்துவிடும்" என்கிறார் நண்பர். எனக்கோ சாயம் கசியுமோ என்பதுதான் பயம். பயன்படுத்தலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாகப் பயன்படுத்தலாம். நண்பரின் கவலை வேண்டாதது. உங்கள் பயம் நியாயமானது.

ஒலியை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்பெயினின் கித்தார் கைவினைஞர் அந்தோனியோ டி தோரெஸ் 1862இல் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையில் செய்து, முகப்பலகையை மட்டும் ஸ்புரூஸ் என்ற வெளிர்நிற மென்மரத்தில் வைத்து ஒரு கித்தார் செய்தார். ஒலிக்கு முகப்பலகையே பிரதானம் என்று காட்டுவதற்காக. அந்தப் பலகையிலும் அதிர்வின் பெரும்பகுதி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைச் சுற்றித்தான். ஒலித்துளையின் ஓரத்தைப் பலர் உள்ளே பட்டை ஒட்டி வேண்டுமென்றே விறைப்பாக்குகிறார்கள். அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தில் பதிக்கும் வளையம் எதையும் கெடுத்துவிடாது. சாயமிட்ட மரம் புதுப்பழக்கமும் அல்ல. ஸ்பானிய மொசைக் வளையங்களின் சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் சாயமிட்ட வெனீர்தான், அதாவது மெல்லிய மரத்தகடுதான்.

"பாதி பிளாஸ்டிக்" என்பதை மறுக்க மாட்டேன். மரத்தை அடுப்பில் ஈரம் போக உலர்த்தி, ரெசினில் அமிழ்த்தி, வெற்றிடக் கலனில் வைக்கிறார்கள். குமிழிகள் நின்றபின் காற்றைத் திரும்ப விட்டால், அந்த அழுத்தம் ரெசினை மரத்துக்குள் தள்ளுகிறது. பிறகு சுமார் 90 முதல் 100 டிகிரி வெப்பத்தில் இறுக வைக்கிறார்கள். கழலை, பூஞ்சை அரித்த மேப்பிள் போன்ற பொதபொதப்பான மரங்கள் நன்றாகக் குடிக்கும். கருங்காலியும் ரோஸ்வுட்டும் வாயே திறக்காது. உளி பட்டதும் உதிர்ந்துவிடும் மரத்தை வளையமாக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆபத்து பக்கத்திலிருக்கும் வெள்ளை ஸ்புரூஸுக்குத்தான். உப்புத்தாள் போட்டீர்களென்றால், நீலத்தூள் ஸ்புரூஸின் மென்மையான ரேகைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஊதினாலும் துடைத்தாலும் வராது. அதன் மேல் ஃபிரெஞ்சு பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியால் தேய்த்துப் பூசுவது) துணி ஏறினால் ஸ்பிரிட் அந்தத் தூளைக் கரைத்துக் கறையாக்கிவிடும். எனவே துண்டு ஒன்றில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் ஃபிரெஞ்சு பாலிஷை மறந்துவிடுங்கள்.

வராவிட்டாலும் வளையத்தைப் பதிக்கும் முன்பே ஸ்புரூஸ் மீதும் வெட்டிய பள்ளத்துக்குள்ளும் அரக்கு பூசிக் காய வையுங்கள். பதித்தபின் மட்டப்படுத்த உப்புத்தாளைத் தொடாமல், ஸ்கிராப்பர் தகட்டால் வெள்ளையிலிருந்து நிறத்தை நோக்கி இழுங்கள், எதிர்த்திசையில் வேண்டாம். அவசரப்பட்டுத் தேய்த்தால் சூட்டில் ரெசின் இளகித் தாளையும் அடைத்துவிடும்.

பசைக்கு எபாக்சி. மரத்தின் நுண்துளைகளில் ஏற்கெனவே ரெசின் நிறைந்திருப்பதால், நீரில் கரையும் வெள்ளைப் பசைக்குப் பிடிப்பு போதாது. சூப்பர் குளூவும் பிடிக்கும். ஆனால் அரக்கு பூசாத ஸ்புரூஸில் ஊறினால் மஞ்சள் கறை நிற்கும். வளையத்தின் ஓரக் கோடுகளுக்கு இந்த மரம் வேண்டாம்; வளைத்தால் முறியும். அவற்றைச் சாயமிட்ட வெனீரில் இழைத்து, தண்ணீர் தொடாமல் சூட்டில் வளையுங்கள்.

இனி நிறம். கசிவதைவிட வெளிறுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மலிவான சாயங்களை வெயில் சீக்கிரம் தின்றுவிடும். பச்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் மொசைக் பெட்டிகளில் இருக்கும் நீலப்பச்சை சாயமே அல்ல. குளோரோசிபோரியா என்ற பூஞ்சை விழுந்து கிடக்கும் ஓக் மரத்தில் ஊட்டிய நிறம். இத்தாலிய மரப்பதிப்புக்காரர்கள் 15ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பயன்படுத்தினார்கள். இன்றும் பார்க்கலாம், பச்சை பச்சையாகவே இருக்கிறது. அது கிடைத்தால் கடைப் பச்சையைத் தூக்கிப் போட்டுவிடுவேன். நீலமும் பச்சையும் ஒரே வளையத்தில் எனக்கு உறுத்துகின்றன என்பது வேறு விஷயம்; கித்தார் உங்களுடையது.

இன்றே இரு நிறத்திலும் ஒவ்வொரு துண்டை எடுத்துப் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் விழும் சன்னலில் வையுங்கள். பள்ளம் வெட்டுவதைச் சில வாரங்கள் தள்ளிப்போடலாம். காகிதத்தைப் பிரித்ததும் இரண்டு பாதிகளும் வேறாகத் தெரிந்தால் அந்த நிறத்தைப் பதிக்க வேண்டாம்.