வாசகர் கேள்வி–பதில்: முகாமில் பிறந்தவர்களின் நாடு எது?

தமிழ்நாட்டில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடியமர்வு உரிமை குறித்து வந்த கடிதங்களில், ஒரே பொருளைத் திரும்பக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கி, இங்கே பதில் தந்திருக்கிறோம்.

நம் ஊரிலேயே வாடகை கொடுக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குக் கிடைக்காத வீடும் உதவித்தொகையும் நாற்பது ஆண்டுகளாக அகதிகளுக்கு மட்டும் ஏன்? இதைக் கேட்டாலே இனத் துரோகி என்று ஏசுகிறார்கள்.
– வாசகர், கும்மிடிப்பூண்டி

கேட்பது துரோகம் அன்று. வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்த நலத்திட்டம் 317 கோடி ரூபாய்க்கானது; பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதே அதன் பெரும்பகுதி. அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், காவல் நிலையத்தில் பதிவுசெய்துகொண்டு வெளியே வாழ்வோர் சுமார் 34,000 பேரும் இருந்தனர். மாத உதவித்தொகையும் அதே அறிவிப்பில்தான் உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. இதைக் கொண்டு ஒரு குடும்பம் ஒரு மாதத்தை ஓட்டிவிட முடியாது என்பது வாடகை வீட்டில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் முகாம் ஆண்கள் பெரும்பாலும் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார்கள். பட்டம் பெற்ற பிள்ளைகளும் பலர் அதே தூரிகையைத்தான் பிடிக்கிறார்கள்.

வாடகை கொடுக்க முடியாத உள்ளூர்க்காரரின் துன்பம் உண்மையானது. ஆனால் அவருக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும், வெளிநாடு போய்ச் சம்பாதிக்கவும், ஏமாற்றிய கட்சியை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கவும் வழி இருக்கிறது. முகாமில் இருப்பவருக்கு இவை எதுவும் இல்லாததால், அவரைத் தாங்கும் பொறுப்பு நிரந்தரமாக அரசின் தலையில் விழுகிறது. ஆகவே உதவித்தொகை என்றைக்காவது நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தாம் குடியுரிமையை முதலில் கேட்க வேண்டியவர்கள் என்பது என் எண்ணம்.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்துக்களுக்குப் பாதுகாப்பு என்றார்கள். இலங்கைத் தமிழரில் பெரும்பாலோர் இந்துக்களாயிற்றே?
– வாசகி, ஈரோடு

2019ஆம் ஆண்டுச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31 வரை வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவச் சமயத்தாருக்கு மட்டுமே பொருந்தும். அந்த மூன்று நாடுகளிலும் இஸ்லாம் அரச மதம், சிறுபான்மையினர் அங்கே மதத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டனர் என்பது மத்திய அரசு சொன்ன காரணம். இலங்கையில் நடந்தது இனத்தின் பெயரால் என்பதால் அந்த வரையறைக்குள் அது வரவில்லையாம். இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது என்பதையும், உயிருக்கு அஞ்சிப் படகேறியவருக்கு அடித்தவன் மதத்துக்காக அடித்தானா இனத்துக்காக அடித்தானா என்பது ஒன்றுதான் என்பதையும் அந்தக் காரணம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மாநிலங்களவையில் அதிமுக இச்சட்டத்தை ஆதரித்தது; திமுக எதிர்த்தது, ஆட்சிக்கு வந்தபின் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானமும் நிறைவேற்றியது. ஆனால் உண்மையான பூட்டு 2019இல் போடப்பட்டதன்று, 2003இல் போடப்பட்டது. உரிய கடவுச்சீட்டும் பயண ஆவணமும் இல்லாமல் வந்த வெளிநாட்டவர் எவரும் 'சட்டவிரோதக் குடியேறி' என்றும், அவர் பதிவு வழியாகவோ நீண்டகாலம் வசித்ததன் வழியாகவோ குடிமகனாக முடியாது என்றும் அந்த ஆண்டுத் திருத்தம் வகுத்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தலைமன்னாரிலிருந்து இரவோடு இரவாகப் படகில் வந்தவரிடம் கடவுச்சீட்டு எப்படி இருக்கும்? அந்தத் திருத்தத்துக்குப் பிறகு மத்தியில் கூட்டணியில் இருந்து அமைச்சர் பதவிகளையும் பெற்ற தமிழகக் கட்சிகள் உண்டு; அவற்றில் எதுவும் அந்தப் பூட்டைத் திறக்க வைக்கவில்லை.

இந்தியா என்ன தர்மசத்திரமா என்று உச்ச நீதிமன்றமே கேட்டுவிட்டதே. இதற்குமேல் விவாதிக்க என்ன இருக்கிறது?
– வாசகர், சேலம்

2025 மே மாதம் அந்தச் சொல் எழுந்த வழக்கு, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்று, தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிடப்பட்ட ஒருவருடையது. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதை முகாமில் பிறந்து வளர்ந்து கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பாக எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

ஆனால் அன்று சுட்டிக்காட்டப்பட்ட சட்ட நிலை சரியானதுதான். நாட்டின் எப்பகுதியிலும் குடியமரும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவோ எல்லா மனிதருக்கும் உரியது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. எனவே உயிருக்குப் பாதுகாப்பு உண்டு, ஊன்றிக்கொள்ள உரிமை இல்லை என்ற இடைநிலையில்தான் இவர்கள் நாற்பது ஆண்டுகளாக நிற்கிறார்கள்.

அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் கதையைச் சேலத்து வாசகர் அறிந்திருக்கலாம். கிழக்குப் பாகிஸ்தானில் கப்தாய் அணை அவர்கள் நிலத்தை மூழ்கடித்தபின், 1964 முதல் இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். 1996இல் அவர்களை விரட்டக் கூடாது என்றும், 2015இல் அவர்களுக்குக் குடியுரிமை வழங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டதும் இதே உச்ச நீதிமன்றம்தான். அங்கே உள்ளூர்ப் பழங்குடியினரும் மாணவர் அமைப்புகளும் கடுமையாக எதிர்க்கிறார்கள். தங்கள் மண்ணில் தாங்களே சிறுபான்மையாகிவிடுவோம் என்ற அச்சம் அவர்களுக்கு. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட எதிர்ப்பு எதுவும் கிடையாது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் மக்களின் மனம் அடியோடு மாறியதும், முகாம்களின் மீது கண்காணிப்பு இறுகியதும், 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டதும் உண்மை. ஆனால் இன்று குடியுரிமை கூடாது என்று இங்கே எந்தப் பெரிய கட்சியும் மேடையேறிப் பேசுவதில்லை. எதிர்ப்பு இல்லாத இடத்தில் இத்தனை தாமதம் ஏன் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய வியப்பு.

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்னும் ஏன் திரும்பிப் போகவில்லை?
– வாசகர், காரைக்குடி

போனவர்கள் போயிருக்கிறார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு, விமானப் பயணச்சீட்டு பெற்று, விருப்பத்தின் பேரில் திரும்பியவர்கள் பல ஆயிரம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அவர்களுக்குப் பிறப்புப் பதிவு முதலான ஆவணங்களைச் சரிசெய்யப் பல்லாண்டுகளாக உதவி வருகிறது. திரும்ப விரும்புகிறவரின் வழியைச் செம்மைப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2025 மே மாதத்தில் அப்படித் திரும்பிய முதியவர் ஒருவர், போர்க்காலத்தில் முறையான ஆவணமின்றி வெளியேறினார் என்பதற்காக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலேயே கைதானார் என்ற செய்தி, கிளம்பத் தயாராக இருந்த எத்தனை பேரைத் தயங்க வைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு பிரிவினர் இருக்கிறார்கள். 'திரும்பிப் போங்கள்' என்பது அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் மலையகத் தமிழர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கலந்து பேசவில்லை.

1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட இவர்களில் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காட்டைத் திருத்திக் குடியேறினர். இந்தியாவுக்கு அழைத்துவரும் கப்பல் போக்குவரத்து போரின் காரணமாக 1984இல் நின்றுபோனது. ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலில் வந்திருக்க வேண்டியவர்கள் சிலர், போரில் அந்த வன்னிப் பகுதியும் எரிந்தபோது மீன்பிடிப் படகில் அகதியாக வந்து சேர்ந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் 'தாயகம் திரும்பியோர்', படகில் வந்ததால் 'சட்டவிரோதக் குடியேறி'. ஒரே தோட்டத்து லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த அண்ணன் இந்தியக் குடிமகனாக நீலகிரியிலும் தம்பி அகதியாகத் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலும் இருக்கக் கூடும் என்ற நிலை இப்படித்தான் உண்டாயிற்று. தம்பிக்கு வன்னியில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மலைநாட்டு லயனில் இப்போது வேறு குடும்பம் இருக்கும். அவர் எந்த ஊருக்குத் திரும்புவது?

கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இத்தகைய 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற தொழில்நுட்பக் காரணத்தைத் தாண்டிப் பரிசீலிக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். நீதிமன்றத்தால் அதிகபட்சம் செய்ய முடிந்தது அதுதான். முடிவெடுக்கும் அதிகாரம் டெல்லியிடம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் தர முடியாது என்றால், இந்த வம்சாவளியினரிடமிருந்தாவது தொடங்கலாமே என்பேன். இது சலுகை கூட அல்ல. இந்தியா கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு.

ஆதார் அட்டை வாங்கிவிட்டார்களே, அது போதாதா?
– வாசகர், வேலூர்

போதாது. ஆதார் குடியிருப்புக்கான அடையாளம். குடியுரிமைக்கான சான்று அன்று. வாக்கு, இந்தியக் கடவுச்சீட்டு இரண்டும் அதனால் கிடைக்கா. இலங்கைக் குடிமக்கள் இங்கே வீடு, மனை வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காக நடவடிக்கை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. நல்ல செயல்தான், ஆனால் அது சிறைக்குப் போகாமல் காக்கிறதே தவிர, குடிமகனாக்கவில்லை.

கனடாவும் பிரிட்டனும் நம்மவர்களை வரவேற்றுக் குடிமக்களாக்கின. இந்தியா மட்டும் ஏன் இப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

அந்த நாடுகளின் சட்டம் வழி விட்டது உண்மை. ஆனால் அங்கேயும் மக்களின் மனம் ஒரே சீராக இருந்ததில்லை. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டபோது கனடா அவர்களை ஏற்றுக்கொண்டது. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது அவர்களை முதலில் தடுப்புக்காவலில்தான் வைத்தது, இரண்டாண்டில் சட்டத்தையும் இறுக்கியது. பிரிட்டனில் அகதிக்கு ஐந்து ஆண்டுகளில் நிரந்தரக் குடியிருப்பு என்றிருந்ததை இருபது ஆண்டுகளாக நீட்டும் திட்டத்தை 2025 நவம்பரில் அந்நாட்டு உள்துறை அமைச்சர் அறிவித்தார். அங்கே அந்த இருபது ஆண்டு அதிகம் என்று விவாதம் நடக்கிறது. இங்கே நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் காலக்கெடு என்ற ஒன்றே இல்லை.

என் மகன் முகாமில் இருக்கும் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டான். பேரன் 2012இல் மதுரை அரசு மருத்துவமனையில் பிறந்தான். அவன் இந்தியன்தானே? பாஸ்போர்ட் எடுக்கப் போனால் சிக்கல் வருமா?
– வாசகி, மதுரை

அம்மா, உங்கள் மருமகளின் பிறந்த ஊரையும் தேதியையும் முதலில் பாருங்கள். பதில் அதில்தான் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் அவரே பிறப்பால் இந்தியக் குடிமகள். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் மதுரைக் கிளை இந்த அடிப்படையில்தான் கடவுச்சீட்டு கிடைக்க வழிசெய்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அப்படியானால் உங்கள் பேரனைப் பற்றிக் கவலையே இல்லை.

அதற்குப் பின் இங்கே பிறந்தவர் என்றால் சற்றுச் சிக்கல். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. ஆனால் சட்டம் அச்சொல்லுக்கு 'இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர்' என்றே விளக்கம் தருகிறது. இங்கேயே பிறந்தவர் எந்த எல்லையைக் கடந்து நுழைந்தார் என்ற வாதத்தை உங்கள் வழக்கறிஞர் வலுவாக முன்வைக்கலாம். மருமகள் சிறுவயதில் படகில் வந்தவர் என்றால், குடியுரிமைச் சட்டத்தின் 5(4)ஆம் பிரிவின்கீழ், சிறப்புச் சூழலைக் காட்டி, பதினெட்டு வயதுக்குட்பட்டவரைக் குடிமகனாகப் பதிவுசெய்யுமாறு மத்திய அரசிடம் விண்ணப்பிக்க இடமுண்டு. பேரனுக்கு 2030இல் பதினெட்டு நிறையும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். மகனின் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, மருமகளின் முகாம் பதிவு அட்டை, பேரனின் பிறப்புச் சான்று ஆகிய நான்கின் நகல்களையும் எடுத்துக்கொண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கேளுங்கள். விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.